கார் ஓடியோ பெட்டியில் எழுதியிருப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஓடியோ கடைக்குள் நுழைந்தால் வாட், ஓம், கெயின், கிராஸோவர் என்று சொற்கள் வந்து விழும். பொருத்துகிறவர் வேலை அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவார்; வாங்க வந்தவர் விளங்காமலே தலையாட்டுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் தொடங்கும். அப்படி வந்த சந்தேகங்களோடு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்ப் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) பெட்டியில் 1000 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு வருமா?

பெரும்பாலும் வராது. வாட் கணக்கை மூன்று விதமாக அச்சிடுகிறார்கள். ஆர்.எம்.எஸ். என்பது அந்தக் கருவி மணிக்கணக்காக, சூடேறி நின்றுவிடாமல், தொடர்ந்து தரக்கூடிய சக்தி. பீக் அல்லது மேக்ஸ் என்பது ஒரு கணம் எழுந்து அடங்கும் உச்சம். பி.எம்.பி.ஓ. என்பதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையே கிடையாது. அந்த எழுத்துகளைக் கண்டால் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

அமெரிக்காவில் சி.இ.ஏ. 2006 (இப்போது சி.டி.ஏ. 2006) என்ற அளவுமுறை இருக்கிறது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரை இணைத்து, ஒலிச்சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்தைத் தாண்டாமல் எவ்வளவு வாட் வருகிறது என்று அளப்பது அது. அந்தக் குறியீடு அச்சிடப்பட்டிருந்தால் எண்ணை ஓரளவு நம்பலாம்.

குறியீடு இல்லையா? அம்பைத் திருப்பி, வயர் சொருகும் பக்கத்தில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். அதில் 20 என்று இருந்தால் 20 அம்பியர். இயந்திரம் ஓடும்போது காரில் ஏறத்தாழ 14.4 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 288. அந்த அம்ப் பற்றரியிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். அம்பின் சுற்று கிளாஸ் ஏபி வகையாக இருந்தால் பாதியை ஒட்டிய அளவும், கிளாஸ் டி வகையாக இருந்தால் எண்பது சதவீதமளவும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். ஆக, 20 அம்பியர் பியூஸுடன் வரும் "1000 வாட்" அம்ப் நல்ல நிலையில் 150 முதல் 230 வாட் தருவது. பெட்டியின் மேலட்டையை விட அந்தச் சின்னஞ்சிறு பியூஸ் உண்மை பேசுகிறது.

டாஷ்போர்டில் இருக்கும் வானொலி செட்டின் முகப்பில் 50W × 4 என்று இருக்கிறதே, அது மட்டும் சரியா?

அந்த ஐம்பது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, 4 ஓமால் வகுத்தால் 51.84. அதாவது, செட்டுக்குக் கிடைக்கும் முழு வோல்ட்டையும் அப்படியே ஸ்பீக்கர் மீது கொட்டினால் வரும் எண் அது. ஆனால் அந்த நிலையில் வெளிவருவது பாட்டல்ல. மேலும் கீழும் வெட்டுண்டு சதுரமாகிப்போன அலை. சுத்தமான அலையாகக் கணக்கிட்டால் 26 வாட்டுக்கு மேல் போகவே முடியாது. நடைமுறையில் ஒரு நல்ல செட் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 22 வாட் வரை ஆர்.எம்.எஸ். தரும். இதை யாரும் மறைக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

இதனால் செட் மட்டமானது என்று முடிவுகட்ட வேண்டாம். சாதாரணமாகப் பாட்டுக் கேட்க, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் தூரத்துக்கு, இருபது வாட் தாராளம்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தமும் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. வாட் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல் கூடும்; டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவே. இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 20 வாட் இருந்த இடத்தில் 200.

இதனால்தான் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், அம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான பலன். செட்டிலிருந்தே நேரடியாக ஓட்டப்போகிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடைகளில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

2 ஓம், 4 ஓம், 8 ஓம்: எதை வாங்குவது?

ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் கொடுக்கும் தடை. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 8 அல்லது 6. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கத்துக்குப் பக்கம் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 8 ஓம். தடை குறையக் குறைய அம்பிலிருந்து இழுபடும் மின்னோட்டம் கூடும், அம்ப் சூடாகும். செட்டின் வெளியீட்டுக்கு 4 ஓமுக்குக் கீழே எதையும் இணைக்க வேண்டாம். பின் கதவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டுமென்று ஏற்கனவே உள்ள வயரிலேயே கிளை பிரித்துக் கொடுத்து செட்டை எரித்தவர்கள் பலர்.

அம்பை பிரிட்ஜ் செய்வது, அதாவது இரண்டு சனல்களைச் சேர்த்து ஒரே சப்புக்கு (ஆழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கு) கொடுப்பது நல்ல வழிதான். ஆனால் பிரிட்ஜ் செய்யும்போது எத்தனை ஓம் வரை இறங்கலாம் என்பது தனியாக எழுதியிருக்கும். பெரும்பாலான அம்புகளில் அது 4.

ஜப்பானிலிருந்து வந்த காரில் எங்கள் வானொலிகள் ஏன் பிடிபடுவதில்லை?

இங்கே ஓடும் விட்ஸ், அக்வா, வெகன் ஆர், அக்ஸியோ எல்லாவற்றிலும் வரும் கேள்வி. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 வரைதான். பிந்திய செட்களில் 95 வரை. இலங்கையில் 88 முதல் 108. ஆகவே ஜப்பான் செட்டில் நம்முடைய வரிசையின் அடிப்பக்கம் மட்டுமே எட்டும். செட் பழுதில்லை, அதன் கதவு வேறு பக்கம் திறந்திருக்கிறது.

இதற்குக் கைவைத்தியமாகப் பொருத்துவது பேண்ட் எக்ஸ்பாண்டர். அன்டனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் வரும் ஒரு சிறு டப்பா. வானொலி அலைவரிசையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கி செட்டுக்குக் கொடுக்கும். 16 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் டப்பாவாக இருந்தால், 102.0-இல் ஒலிபரப்பாகும் நிலையம் செட்டில் 86.0 என்று காட்டும். ஆனால் 90 வரை போகும் செட்டின் அகலம் 14 மெகாஹெர்ட்ஸ்தான், நம்முடையது 20. இந்த டப்பாவுடன் 92 முதல் 106 வரை கேட்கலாம். அதற்கு வெளியே இருப்பவை கேட்காது. அதனால் தென்றலோ சக்தியோ சூரியனோ, நீங்கள் எதைக் கேட்பவர் என்று பார்த்து, உங்கள் ஊரில் அது எந்த எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொண்டு போய், அதற்கேற்ற இறக்கம் உள்ள டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.

செட்டையே மாற்றிய பிறகும் வானொலி இரைகிறது என்றால் வேறு காரணம். பல ஜப்பான் கார்களின் அன்டனாவுக்குள், அல்லது பின்கண்ணாடிக்குள், சிறு பூஸ்டர் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். புதிய செட்டின் நீல வயரை அதற்குக் கொடுக்க மறந்திருப்பார்கள். அந்த ஒரு வயரைக் கொடுத்தவுடன் இரைச்சல் அடங்குவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஜப்பான் நேவிகேஷன் செட் உள்ள காரில் பற்றரியைக் கழற்றினால், சில மாதிரிகள் திறப்பு இலக்கமோ வரைபட எஸ்.டி. கார்டோ கேட்டுப் பூட்டிக்கொள்ளும். வாங்கும்போதே அந்த கார்டு செட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சொந்தக்காரர் கழற்றியிருந்தால் செட் வெறும் மணிக்கூடுதான்.

டின், டபுள் டின் என்கிறார்களே?

செட் பொருந்தும் துளையின் அளவு. ஜெர்மனியின் தர நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒரு டின் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் டின் அதே அகலம், 100 உயரம். ஜப்பானில் டொயோட்டா கார்களில் 200 மில்லிமீட்டர் அகலமான துளையும் உண்டு. அதில் சாதாரண டபுள் டின்னைப் போட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். அதற்கென்று பக்கத் துண்டுகள் விற்கிறார்கள்.

கோஆக்சியல், கம்போனன்ட்: வித்தியாசம் காதுக்குத் தெரியுமா?

தெரியும். ஆனால் எல்லாப் பாட்டிலும் தெரியாது.

கோஆக்சியல் என்பது பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே உயர்ந்த ஒலிக்கான சிறிய ட்வீட்டர் பொருந்தி வருவது. ஒரே துளை, ஒரே வயர், வேலை சுலபம். கம்போனன்டில் ட்வீட்டர் தனி, கதவு ஸ்பீக்கர் தனி, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர் தனி. ட்வீட்டரைக் கண்ணாடித் தூண் பக்கம், காது உயரத்துக்கு வைக்கலாம் என்பதே இதன் பெரும் நன்மை. உயர்ந்த ஒலி நேர்கோட்டில் போகும் குணமுடையது. கதவின் அடியில் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ட்வீட்டரிலிருந்து அது காதுக்கு வந்து சேராது.

சோதித்துப் பார்க்க நம் ஊர் ஒலிப்பதிவைப் போல் வேறில்லை. வடமோடிக் கூத்து ஒன்றின் நல்ல பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். சல்லரி என்னும் கைத்தாளத்தின் ஓசை தட்டிய பிறகும் நீண்டு மெலிந்து அடங்க வேண்டும். அது ட்வீட்டரின் வேலை. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடுவதுபோல இருக்க வேண்டும். அது நடு ஒலி, கதவு ஸ்பீக்கரின் வேலை. மத்தளத்தின் கனத்த பக்கத்தில் விழும் அடி நெஞ்சில் விழ வேண்டும்; அதுதான் பேஸ். கடையில் போட்டுக் காட்டும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்தது. உங்களுக்கு மனப்பாடமான ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

ஹெர்ட்ஸ், ஹை பாஸ், லோ பாஸ்: இவற்றை எங்கே வைப்பது?

பள்ளியில் மீடிறன் என்று படித்ததன் அலகுதான் ஹெர்ட்ஸ். ஒரு வினாடியில் எத்தனை அதிர்வு என்பது. மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 வரை. வயது போகப் போக மேல் எல்லை இறங்கும். ஹை பாஸ், குறித்த எண்ணுக்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும். லோ பாஸ், கீழுள்ளதை மட்டும். சப் வைத்திருந்தால் இரண்டையும் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்: கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் 80, சப்புக்கு லோ பாஸ் 80. பிறகு காதுக்கேற்ப நகர்த்தலாம். கதவு ஸ்பீக்கரிலிருந்து ஆழ்ந்த பேஸைக் கழற்றிவிட்டால் அது எவ்வளவு தெளிவாகப் பாடத் தொடங்குகிறது என்பது கேட்டால்தான் நம்புவீர்கள். சப் இல்லாதவர்களும் 50, 60-இல் ஹை பாஸ் போடலாம்.

சப் பெட்டியில் துளை இருக்க வேண்டுமா?

மூடிய பெட்டி இறுக்கமான, சுத்தமான பேஸ் தரும்; இடமும் குறைவு. துளையுள்ள பெட்டி அதே வாட்டுக்குக் கூடுதல் சத்தம் தரும். ஆனால் கொள்ளளவும் துளையின் நீளமும் அந்த சப்புக்கென்று கணக்கிட்டுச் செய்திருக்க வேண்டும். கணக்கில்லாமல் பலகையில் ஓட்டை போட்ட பெட்டி ஒரே சுரத்தில் முழங்கிக்கொண்டிருக்கும். தச்சரிடம் செய்விக்கிறவர்கள் மூடிய பெட்டியே செய்வியுங்கள். அதில் சிறு பிழை பெரிதாகத் தெரியாது.

ஓட்டோவுக்கு சப் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பலன் குறைவு. மூடிய காருக்குள் ஆழ்ந்த ஒலி சுவர்களுக்குள் அடைபட்டுத் தானாகவே பலக்கிறது. ஓட்டோவின் இரண்டு பக்கமும் திறந்தது. பேஸ் தெருவுக்குப் போய்விடும். ஓட்டோவின் பற்றரியும் மின்னேற்றமும் சிறியவை. சென்சிட்டிவிட்டி கூடிய ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு அந்தப் பணத்தைச் செலவழிப்பதே சரி.

அம்பில் உள்ள கெயின் திருகாணி வால்யூம்தானே?

இல்லை. இதை வால்யூமாக நினைத்து முழுவதும் திருகி வைப்பதுதான் ஸ்பீக்கர்கள் எரிவதற்கு முதல் காரணம்.

செட்டின் பின்னால் ஆர்.சி.ஏ. செருகி வழியாக வரும் சிக்னல் சில செட்டில் 2 வோல்ட், சிலவற்றில் 4 வோல்ட். வருகிற வோல்ட்டுக்கு அம்பைப் பொருத்திக்கொடுப்பதே கெயினின் வேலை. கூட்டி வைத்தால் அம்ப் தன் எல்லையைச் சீக்கிரம் தொடும். அலையின் தலையும் அடியும் வெட்டுப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வெட்டுண்ட அலை ஸ்பீக்கர் சுருளைச் சூடாக்கும், அதன் கூர்மையான விளிம்புகள் ட்வீட்டருக்குள் பாயும். முதலில் ட்வீட்டர் போகும்.

வைக்கும் முறை இது. ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்டையும் பூச்சியத்தில் வையுங்கள். கெயினைக் கீழே இறக்குங்கள். செட்டின் வால்யூமை நான்கில் மூன்று பங்குக்கு ஏற்றி, நன்றாகப் பதிவான பாட்டொன்றைப் போடுங்கள். இப்போது கெயினை மெல்ல மெல்லத் திருப்புங்கள். குரல் கரகரக்கும், அல்லது அடி மழுங்கும் இடம் வரும். அங்கிருந்து சற்றுப் பின்னால் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு அந்தத் திருகாணியைத் தொடத் தேவையில்லை.

வயர், பியூஸ் விடயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன். 4 கேஜ் 8 கேஜைவிடத் தடித்தது. இதில் ஏமாற்று அதிகம். தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பி இருக்கும். அல்லது சி.சி.ஏ. இருக்கும், அதாவது செம்பு பூசிய அலுமினியம். சுத்தச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் கடத்தும். ஓர் இழையை எடுத்துக் கத்தி முனையால் சுரண்டுங்கள். சிவப்பு போய் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அதை வாங்கத்தான் வேண்டுமென்றால் ஓர் அளவு தடித்ததாக வாங்குங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் நமக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. அலுமினிய முனைகள் வெள்ளைத் தூள் பூத்துவிடும்.

பற்றரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் முதன்மைப் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். அம்பில் உள்ள பியூஸ் அம்பைக் காக்கும், வயரை அல்ல. வயர் தகட்டில் உரசிக் கிழிந்தால் காரைக் காப்பது பற்றரிப் பக்கப் பியூஸ்தான். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

சாவியைத் திருப்பி அணைத்தால் செட் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.

செட்டின் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வர வேண்டியது. நினைவு அதில் நிற்கிறது. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும். இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது இரண்டையும் சேர்த்துச் சாவிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாற்றினால் சரி.

எக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் ஏறுகிறது.

பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்டர்னேட்டரின் சத்தம் சிக்னலுக்குள் நுழைகிறது. அனேகமாக எர்த் பிழை. எர்த் வயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய தகட்டில், இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆர்.சி.ஏ. வயர் ஒரு பக்கமும் பற்றரி வயர் மறு பக்கமும் ஓட வேண்டும். இவற்றைச் செய்யாமல் நோய்ஸ் ஃபில்டர் வாங்குவது வீண்.

புளூடூத்தில் கேட்டால் தரம் குறையுமா?

சற்றுக் குறையும், ஓடும் காரின் இரைச்சலில் பெரிதாகத் தெரியாது. அதைவிட, வட்ஸ்அப்பில் கைமாறி வந்த பாட்டுக்கோப்புதான் பல நேரம் குற்றவாளி.

எவ்வளவு சத்தம் வரை பாதுகாப்பு?

85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கண்ணாடி மூடிய காரில் சப்புடன் 100 டெசிபலைத் தொடுவது மிக எளிது. இறங்கிய பிறகு காதுக்குள் ரீங்காரம் கேட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். பின் இருக்கையில் குழந்தைகள் இருக்கும்போது, முன் பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் தள்ளுங்கள். பின் ஸ்பீக்கர் அவர்களுடைய காதுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஹைபிரிட் காரில் அம்ப் பொருத்தினால் பற்றரிக்குப் பாதிப்பா?

பிரியஸ், அக்வா போன்றவற்றில் வழக்கமான ஓல்டர்னேட்டர் இல்லை. பெரிய பற்றரியின் உயர் வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் ஒரு மாற்றி, பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும் சிறிய 12 வோல்ட் பற்றரிக்கு மின்னேற்றுகிறது. அது நடப்பது கார் "ரெடி" நிலையில் இருக்கும்போது மட்டுமே. பாசிக்குடாக் கரையில் நிறுத்தி ரெடி போடாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், சிறிய பற்றரி சீக்கிரம் இறங்கும். பிறகு கணினி விழிக்காது, காரும் அசையாது. அளவான கிளாஸ் டி அம்ப் ஒன்றைப் பொருத்துவதில் தவறில்லை. மின்சாரத்தை அந்த 12 வோல்ட் பற்றரியிலிருந்தே எடுக்க வேண்டும். வயர் இழுக்கும் வழியில் செம்மஞ்சள் உறை போட்ட வயர்கள் வந்தால் அவை உயர் வோல்ட் வயர்கள். அவற்றின் பக்கத்தில் ஆணியோ துளைப்பானோ போகக்கூடாது. ஹைபிரிட்டில் வேலை செய்து பழகாதவரிடம் அந்தக் காரைக் கொடுக்காதீர்கள்.